புரோசார்ட் பெண்களுக்கு வாள் தேர்ந்தெடுத்த கதை

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த கடையில் இப்போது இணைய விற்பனையைக் கவனிப்பவள் அவள்தான். மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் இருந்த காட்சிக்கூடத்தை மூடிவிட்டோம், இனிக் கடை என்றால் ஒரு களஞ்சியமும் ஒரு இணையத்தளமும் மட்டும்தான் என்றாள்.

“ஆன்ரி, ஒவ்வொரு நாளும் ஆக்கள் எழுதிக் கேக்கினம், தங்களுக்கு எந்த வாள் சரியெண்டு. படத்தில எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு. நான் என்ன பதில் எழுதுறது?”

“முதல் நீ அவையளிட்டக் கேள்வி கேள்,” என்றேன். “வாளைச் சுவரில மாட்டப் போறியளோ, கையில பிடிச்சுச் சுழட்டப் போறியளோ எண்டு கேள். மிச்சம் பேந்து.”

“அந்த மிச்சத்தை எழுதித் தாங்கோவன்,” என்றாள்.

எழுத உட்கார்ந்தால் வாள்களைப் பற்றிய அறிவுரை ஒன்றும் வரவில்லை. ஜெசிந்தாவும் திருமதி ஃபங்கும்தான் கண்முன்னே வந்து நிற்கிறார்கள். ஆகவே அவர்களுடைய கதையையே சொல்கிறேன். நல்ல வாளைக் குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவள். மொன்ட்ரியால்-நோரில், இங்கே ‘மூன்றரை’ என்று சொல்லும் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியேறினோம். முதலில் ஒரு சலவை ஆலையில் துவாய் மடித்தேன். பிறகு லாசாலில், தற்காப்புக் கலைப் பொருட்கள் விற்கும் கடையின் களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. கராத்தே உடுப்பு, கையுறை, நீளத் தடி, சீன வாள் எல்லாம் அங்கே இருந்தன. பல வருடங்களாக எனக்கு அவையெல்லாம் வெறும் பெட்டிகள்தான். வாள்களைப் பரிசோதித்து வந்தவர் கல்கரிக்குக் குடிபெயர்ந்தபோது, கடையின் உரிமையாளர் மடாம் குவோக் அவருடைய மேசையை எனக்குக் காட்டி, “திங்கட்கிழமையிலிருந்து நீ இங்கே” என்றார். அவ்வளவுதான் நியமனம்.

வீட்டில் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சண்டை வேண்டாமெண்டு நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து நீ வாள் பாக்கிறியோ?”

மடாம் குவோக் சைகோனில் பிறந்த சீனப் பெண். படகில் ஏறித் தப்பி வந்தவர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் எங்களுக்குள் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. அவருடைய மேசையில் ஒரு சின்ன வானொலி எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அதை அவர் நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஒரு வாளை நல்லது என்றோ கூடாது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பரிசோதித்து முடித்த வாளை இரண்டு கைகளாலும் வாங்குவார். மெதுவாக ஒருதரம் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இதை யாருக்குக் கொடுப்பாய்?”

அதற்கு நான் ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ‘உயரமான ஓர் இளைஞனுக்கு, இப்போதுதான் பழகத் தொடங்கியவனுக்கு’ என்றால் வாள் அலுமாரிக்குப் போகும். ‘சீனப் படங்கள் பார்த்துவிட்டு வரவேற்பறையில் மாட்ட விரும்பும் ஒருவருக்கு’ என்றால் அலங்கார வாள்களின் பக்கம் போகும், அதில் ‘பயிற்சிக்கு அல்ல’ என்ற சீட்டையும் அவரே ஒட்டுவார். எனக்கு யாரும் நினைவுக்கு வராவிட்டால் அந்த வாள் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

சீன வாள்களில் இரண்டு வகைதான் எங்களிடம் அதிகம் விற்கும். ஒருபக்கம் மட்டும் கூருள்ள வளைந்த வாள் தாவ். நேராக, இரண்டு பக்கமும் கூருள்ளது ஜியன். தாய்ச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சியைப் பழகும் பெரியவர்கள் கேட்பது ஜியன். பயிற்சிக்கு வரும் வாள்களில் கூரைத் தீட்டாமல் மழுங்கலாகவே விடுவார்கள்.

ஜியன் ஒன்று வந்தால் நான் செய்பவை இவை. முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கைப்பிடியைக் கண்ணருகே வைத்து, நுனியை யன்னல் வெளிச்சத்தை நோக்கி நீட்டி, அலகு முழுவதையும் ஒரு கோடாகப் பார்ப்பேன். கோணல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தகட்டைக் காப்பு என்போம்; அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரலில் கிடத்திப் பார்ப்பேன். விரலுக்கு மேல் அமைதியாகக் கிடக்கும் வாள் மணிக்கட்டை நோகடிக்காது. நுனிப்பக்கம் சரியும் வாளை வைத்துப் பயிற்சி செய்தால் மறுநாள் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாது. பிறகு நுனியைச் சுவரோடு சாத்திவைத்த ஒரு மரப்பலகையில் ஊன்றி மெதுவாக வளைப்பேன். விட்டவுடன் நேராக வந்தால் நல்ல உருக்கு. வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு. உறையைத் தலைகீழாகப் பிடித்தால் வாள் தானாக வழுக்கி விழக்கூடாது. கடைசியாகக் காதருகே வைத்து ஆட்டுவேன். உள்ளே ஏதாவது கடகடத்தால் பிடியைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன்.

ஏனென்றால் வாளின் உயிர் அந்தப் பிடிக்குள்ளேதான் இருக்கிறது. அலகின் இரும்பு ஒடுங்கி, பிடியின் நீளத்துக்கும் உள்ளே போய், அடியில் இருக்கும் குமிழில் முடியும். அதை நாங்கள் வால் என்போம். அலகும் வாலும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். மட்டமான வாளில் அலகு காப்போடு முடிந்துவிடும். அங்கே ஒரு மெல்லிய திருகாணிக் கம்பியைக் காய்ச்சி ஒட்டி, மேலே அழகான பிடியைப் போட்டு மூடிவிடுவார்கள். படத்தில் இரண்டும் ஒன்றுதான். சுழற்றும்போது ஒருநாள் அந்த ஒட்டு விட்டுப்போகும்.

ஒரு வசந்த காலத்தில் ஜெசிந்தா கடைக்கு வந்தது அப்படி ஒட்டு விட்டுப்போன ஒரு வாளோடுதான்.

ஜெசிந்தா மன்னார்க்காரி. மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் புரோசார்ட்டில், ஒரு சமூக நிலையத்தின் கீழ்த்தளத்தில் கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்ப்பவள். அதே தளத்து மண்டபத்தில் சீனப் பெண்கள் ஒரு குழுவாகத் தாய்ச்சி வாள் பழகுவதைத் தினமும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து, ஆசைப்பட்டு, வேலை முடிந்ததும் அவர்களோடு சேர்ந்துகொண்டவள். குழுவில் சீனர் அல்லாதவள் அவள் ஒருத்திதான். எங்கள் கடையில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்கிறாள் என்று யாரோ சொல்ல, குழு அவளையே தூதாக அனுப்பிவிட்டது.

ஒரு நீளத் துவாயை மேசையில் வைத்து விரித்தாள். உள்ளே அலகு தனி, பிடி தனி. பிடியில் பறவைநாகம் செதுக்கி, சிவப்புக் குஞ்சம் தொங்கவிட்டு, பார்க்க மிக அழகாக இருந்தது.

“இது எப்பிடி உடைஞ்சது?” என்று கேட்டேன்.

“உடையேல்லை அக்கா, பறந்தது,” என்றாள். “திருமதி ஃபங் திரும்பேக்க அலகு மட்டும் கழண்டு போச்சு. கார்டெரிக் கதவில போய் அடிச்சு விழுந்தது. பிள்ளையள் வெளிக்கிடுற நேரம். நான்தான் கதவைத் திறக்கப் போனனான்.”

அவளுடைய கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

மீதியை உட்கார்ந்து சொன்னாள். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் நிலையத்தின் இயக்குநர் முசியூ பெரூபே அன்றே வாள் பயிற்சியைத் தடை செய்துவிட்டார். குழுவோ இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவில் நடக்கும் முதியோர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது. அதைவிடப் பெரிய துயரம் திருமதி ஃபங். எழுபதைக் கடந்தவர், குழுவிலேயே நன்றாக ஆடக்கூடியவர். அன்று முதல் அவர் எந்த வாளையும் தொடவில்லை. மற்றவர்கள் பூங்காவில் மரவாளோடு பழகும்போது, அவர் வரிசையின் கடைசியில் நின்று வெறும் கையோடு ஆடுகிறாராம்.

“முசியூ பெரூபே என்ன சொல்லுறார்?”

“ஆராவது விஷயம் தெரிஞ்ச ஆள் வந்து, தனக்கு முன்னால வாளைச் சோதிச்சுக் காட்டினா யோசிக்கிறன் எண்டு சொன்னவர். எங்களிட்டப் பெரிய காசில்லை அக்கா. எல்லாரும் பென்சன்காரர். ஆனா உங்களை நம்பித்தான் வந்தனான்.”

மடாம் குவோக் தன் இடத்தில் இருந்தே உடைந்த வாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது. ஆனாலும் வானொலியை நிறுத்திவிட்டார். ஜெசிந்தா போன பிறகு என்னிடம் கேட்டது அவருடைய வழக்கமான கேள்விதான், ஆனால் தலைகீழாக: “அந்தப் பெண்ணுக்கு எதைக் கொடுப்பாய்?”

கடையில் இருந்த எதையும் கொடுக்க முடியவில்லை. மினுமினுக்கும், துருப்பிடிக்காத வாள்கள் விலை மலிவு. ஆனால் அந்த இரும்பு நீளமான அலகாக வரும்போது முறியக்கூடியது, சுவருக்குத்தான் நல்லது. இளைஞர்கள் பாய்ந்து ஆடும் மெல்லிய தகட்டு வாள்களும் மலிவு, ஆனால் காற்றில் சலசலக்கும் அந்தத் தகடு தாய்ச்சியின் மெதுவான அசைவுக்குப் பொருந்தாது. நல்ல காபன் உருக்கில் செய்த வாள்கள் இருந்தன. அவற்றின் விலையோ அந்தப் பெண்களின் கைக்கு எட்டாதது.

அந்த விலையுயர்ந்த வாளையே ஒருநாள் முழுவதும் மேசையில் வைத்துப் பார்த்தேன். எதற்காக இவ்வளவு விலை? பித்தளைக் காப்பில் பூவேலை. கருங்காலிப் பிடி. அரக்குப் பூசிய உறையில் வெள்ளி நிறப் பட்டைகள். இவை ஒன்றும் அலகைத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல அலகும் ஒரே இரும்பாலான வாலும். அதற்குச் சாதாரண மரப்பிடி, சாதாரண இரும்புக் காப்பு, வர்ணம் பூசாத மரஉறை போதும். அடியில் திருகாணி வேண்டாம், வாலின் முனையைக் குமிழுக்கு வெளியே கொண்டுவந்து சுத்தியலால் தட்டி அகட்டிவிட்டால் அது கழன்று வராது.

இதை ஒரு தாளில் கீறி மடாம் குவோக்கிடம் காட்டினேன். “பார்க்க அழகில்லை,” என்றார். “ஓம், அழகில்லை,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சீனாவில் எங்களுக்கு வாள் செய்து தரும் பட்டறைக்கு அழைப்பெடுத்தார். பட்டறையை நடத்தும் சுன் என்ற இளைஞனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வட அமெரிக்காவில் யாரும் அலங்காரம் இல்லாத வாளை வாங்கமாட்டார்கள் என்றான். புரோசார்ட்டில் வாங்குவார்கள் என்று மடாம் குவோக் சொன்னார். விலை பாதிக்குக் கீழே வந்தது.

மாதிரி வாள் வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வளைத்தேன், நேரானது. விரலில் கிடத்தினேன், அசையாமல் கிடந்தது. இடது கையில் தலைகீழாகப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டால் நுனி காதளவுக்கு வரவேண்டும், அதுதான் ஆளுக்கேற்ற நீளம். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு எல்லாப் பெண்களுடைய அளவையும் எடுக்கச் சொன்னேன். குழு முழுவதற்கும் வாள் செய்யச் சுன்னிடம் சொல்லிவிட்டோம்.

கோடை நடுவில் சரக்கு வந்தது. ஜெசிந்தா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டி திறப்பதைப் பார்க்க வந்திருந்தாள். முதல் வாளை எடுத்தேன், சரி. இரண்டாவது, சரி. அடுத்ததைக் காதருகே ஆட்டியபோது மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. அரிசிமணி ஒன்று டப்பாவுக்குள் உருண்டதைப் போல.

“என்னக்கா?”

“பொறு.”

இன்னொருதரம் ஆட்டினேன். சத்தம் இருந்தது. அடித்து அகட்டிய முனையை அராவி எடுக்காமல் பிடியைக் கழற்ற முடியாது. கழற்றினால் அந்த வாள் பாழ். நான் மடாம் குவோக்கைப் பார்த்தேன். அவர் வானொலியை நிறுத்திவிட்டு அரத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

பிடி கழன்றது. அலகு காப்போடு முடிந்திருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி. ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு.

அந்த மேசையில் என் வாழ்நாளிலேயே மிகக் கடினமான தருணம் அதுதான். மிச்சம் இருந்தவற்றையும் ஆட்டிப் பார்த்தேன், பெரும்பாலும் சத்தம் போடவில்லை. நல்லவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் சத்தம் போடாததெல்லாம் நல்லது என்று எப்படிச் சொல்வேன்? திருமதி ஃபங்கின் பழைய வாளும் பறக்கும் நாள்வரை சத்தம் போடவில்லை.

“இதில ஒண்டையும் நான் தரமாட்டன், ஜெசிந்தா.”

அவளுடைய கண் கலங்கிவிட்டது. “முசியூ பெரூபேக்குச் சோதிச்சுக் காட்ட நாள் குறிச்சாச்சு. திருப்பி அனுப்பினா ரொறன்ரோ இல்லையக்கா.”

“அந்தக் கதவைத் திறக்கிறது நீயெண்டு எனக்குத் தெரியும். நான் தரமாட்டன்.”

அவள் அந்த மெல்லிய கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி. அப்ப என்ன செய்வம்?” என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

மடாம் குவோக் சுன்னை வீடியோவில் அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நான் அந்தக் கம்பியைக் கமராவுக்குக் கிட்டக் காட்டினேன். சுன் முதலில் மறுத்தான், எங்கள் பட்டறையில் அப்படிச் செய்வதில்லை என்றான். மடாம் குவோக் குரலை உயர்த்தவில்லை. சீனமொழியில் ஒரே ஒரு வசனம் சொன்னார், உடனே அவன் விசாரித்துச் சொல்கிறேன் என்றான். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “‘இதை உன் அம்மாவுக்குக் கொடுப்பாயா?’ என்று கேட்டேன்” என்றார்.

சுன் விசாரித்துவிட்டு அன்றே திரும்ப அழைத்தான். வேலை கூடியதால் ஒரு பகுதியை வேறொரு பட்டறைக்குக் கொடுத்திருந்தார்களாம். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. தன் கண்முன்னே எல்லாவற்றையும் மறுபடி செய்வித்து, பிடி போடும் முன் ஒவ்வொரு வாலையும் படம் எடுத்து அனுப்புவதாகவும், விமானத்தில் தன் செலவிலேயே அனுப்புவதாகவும் சொன்னான். சொன்னதைச் செய்தான். அந்தப் படங்கள் வரும்போதெல்லாம் நானும் மடாம் குவோக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் போலத் தொலைபேசியை மாறி மாறிப் பார்த்தோம். ஜெசிந்தா முசியூ பெரூபேயிடம் போய்க் கெஞ்சி நாளைத் தள்ளிப்போட்டாள்.

புதிய வாள்களில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. ஆனாலும் ஒன்றை அராவிக் கழற்றிப் பார்த்தேன். ஒரே இரும்பு. நுனியிலிருந்து குமிழ்வரை ஒரே இரும்பு.

சோதனை நாளன்று கார்டெரிப் பிள்ளைகள் வெளியே பூங்காவுக்குப் போன நேரமாகப் பார்த்து மண்டபத்தில் கூடினோம். மடாம் குவோக் தன் காரின் பழைய பனிக்கால டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதை ஒரு மரக்குற்றியோடு கட்டி நிறுத்தினோம். எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முசியூ பெரூபே நல்ல மனிதர். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பறந்த வாளை அவரும் பார்த்திருந்தார்.

முதலில், நான் அராவிக் கழற்றிய புதிய வாளின் வாலை அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் திருமதி ஃபங்கின் பழைய வாளின் கம்பியை வைத்தேன். இரண்டையும் அவர் மாறி மாறித் தடவிப் பார்த்தார். அதன் பிறகு புதிய வாளொன்றை எடுத்து, டயரில் ஓங்கி அடித்தேன். மண்டபமே அதிர்ந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். அலகின் தட்டைப் பக்கத்தாலும் அடித்தேன். தோள் நோகும்வரை அடித்துவிட்டு, அவருடைய காதருகே வாளை ஆட்டினேன்.

“கேட்கிறதா?”

“ஒன்றும் கேட்கவில்லை,” என்றார்.

“அதுதான் கேட்க வேண்டும்.”

அவர் பதில் சொல்லும் முன் பின்வரிசையில் இருந்து யாரோ நடந்து வருவது தெரிந்தது. திருமதி ஃபங். சின்ன உருவம், வெள்ளைச் சப்பாத்து. என் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். நான் மடாம் குவோக்கைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். என் கண்ணாடியைக் கழற்றித் திருமதி ஃபங்குக்கு மாட்டிவிட்டு வாளைக் கொடுத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஓர் அடி. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பலமாக இன்னோர் அடி. அடுத்தது அவருடைய முழு உடம்பின் பலத்தோடும் விழுந்தது. டயரைக் கட்டியிருந்த மரக்குற்றியே சரிந்து உருண்டது! திருமதி ஃபங் சிரிக்கத் தொடங்கினார். அழுகையும் சிரிப்புமாக அவர் நிற்க, பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். ஜெசிந்தா என்னைக் கட்டிப்பிடித்து, “அக்கா, அவ பிடிச்சிட்டா! வாளைப் பிடிச்சிட்டா!” என்று கத்தினாள்.

முசியூ பெரூபே சரிந்த டயரைத் தானே நிமிர்த்திக் கட்டினார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “நானும் ஒருமுறை அடித்துப் பார்க்கலாமா?” என்று கேட்டார். அன்று மாலையே மண்டபத்தின் சாவி குழுவிடம் திரும்பி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை, வருடத்துக்கு ஒருமுறை நான் வந்து வாள்களைச் சோதிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடாமல் செய்து வருகிறேன்.

பூவேலை இல்லாத அந்த வாளுக்கு மற்றக் குழுக்களிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். மாணவர்கள், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள், முழங்கால் நோவுக்குத் தாய்ச்சி பழகப் போனவர்கள். எங்கள் கடையில் மிக அதிகம் விற்ற வாள் அதுவாகத்தான் இருந்தது. சுன் இன்றைக்கும் அதே அமைப்பில் செய்கிறான். தர்ஷினி, உன்னிடம் யாராவது கேட்டால் முதலில் அதைக் காட்டு.

இனி ரொறன்ரோ. போட்டி நடந்த சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. பின்னேரம் வீடு திரும்பும்போது மெட்ரோவுக்குள் தொலைபேசி அடித்தது. பின்னால் பெரிய இரைச்சல்.

“அக்கா! கேக்குதோ?”

“ஓம், சொல்லு, என்ன நடந்தது?”

“முதலாமிடம்! எங்களுக்குத்தான் முதலாமிடம்! ஃபங் ஆன்ரி முன்வரிசை நடுவில நிண்டு ஆடினவ. கடைசித் திருப்பத்தில சனம் எல்லாம் எழும்பி நிண்டிட்டுது. இஞ்ச பாருங்கோ, அவ உங்களோட கதைக்க வேணுமாம்.”

திருமதி ஃபங்குக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. அவர் சீனத்தில் என்னவோ நிறையச் சொன்னார். நான் தமிழில், “நல்லாயிருக்கோணும், நல்லாயிருக்கோணும்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக மெட்ரோவில் தாழ்ந்த குரலில் கதைப்பவள் நான். அன்றைக்கு எழுந்து நின்றேன். எதிரே இருந்த ஒரு கிழவர் புன்னகைத்து, நல்ல செய்தியா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஓம், முசியூ,” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெட்டி முழுவதற்கும் கேட்கும்படியாக. “நாங்கள் வென்றுவிட்டோம். வாளோடு!”